லினக்ஸில் இணைய அழைப்பு: ஆல்சாவா, பல்ஸ்ஆடியோவா, பைப்வயரா?

பாட்டு நன்றாகக் கேட்கிறது, வீடியோ ஓடுகிறது. அழைப்பில் சேர்ந்ததும் எதிரில் இருப்பவர் மட்டும் தன் காதைத் தொட்டுக் காட்டி ‘இல்லை’ என்று தலையாட்டுகிறார். லினக்ஸில் பேச முயன்ற பலருக்கு இந்தக் காட்சி பழக்கமானது. எனக்கு அது ஒரு வேலை நேர்காணலில் வந்தது. மூன்று பேர் திரையில் காத்திருந்தார்கள். நான் பேசப் பேச அவர்கள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் போனை எடுத்து அதில் பேசி முடித்தேன். அன்று இரவு உட்கார்ந்து தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மைக் கெடவில்லை, டிரைவரும் சரியாகவே இருந்தது. என் ஹெட்செட்டை விட்டுவிட்டு, ஒன்றுமே செருகாத பின்பக்க மைக் துளையை அந்த அழைப்பு மென்பொருள் பிடித்துவைத்திருந்தது.

அதன் பிறகு, ஒலி அமைப்பு எது நல்லது என்ற கேள்வியை அழைப்பை மட்டும் மனதில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். இசை கேட்பவருக்கும் பாடல் பதிவு செய்பவருக்கும் விடை வேறாக இருக்கலாம். பேசுவதற்காகக் கணினியை நம்பியிருப்பவர் எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்பதே இங்கே பேச்சு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆல்சாவும் பைப்வயரும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடும் பொருள்கள் அல்ல. ஆல்சா, லினக்ஸின் உட்கருவான கர்னலோடு சேர்ந்தது. சவுண்ட் கார்டோடு நேரடியாகப் பேசுவது அதுதான், எந்த டிஸ்ட்ரோவிலும் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பு) அது அடியில் இருந்தே தீரும். அதன் மேல் உட்கார்ந்து, பல மென்பொருள்களின் ஒலியை வாங்கிக் கலந்து கீழே அனுப்பும் சர்வர்கள்தான் பல்ஸ்ஆடியோ, பைப்வயர், ஜாக் எல்லாம். ஆகவே, கார்டின் பிடி யார் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் நாம் எடுக்கும் முடிவு. அழைப்பு மென்பொருளே நேராகப் பிடிக்கலாம், அல்லது நடுவில் ஒரு சர்வரை உட்காரவைக்கலாம்.

இசை ஒருவழிப் பாதை. பிளேயர் இரண்டு நொடிக்கான ஒலியை முன்கூட்டியே சேர்த்துவைத்தாலும் கேட்பவருக்குத் தெரியாது. அழைப்பில் அப்படி முடியாது. ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்கு 150 மில்லிநொடிக்குள் குரல் போய்ச் சேர்ந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அதற்கு மேல் போகப் போக இருவரும் ஒரே சமயத்தில் பேசி, ஒரே சமயத்தில் நிறுத்தி, ‘நீங்க சொல்லுங்க’ என்று மாறி மாறிச் சொல்ல வேண்டிவரும். அந்த 150-இல் பெரும்பகுதியை இணையமே எடுத்துக்கொள்ளும். இன்றைய அழைப்புகளில் பெரும்பாலும் ஓடும் ஓப்பஸ் கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) குரலை 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது, அதற்கும் கொஞ்சம் போகும். நம் கணினியின் ஒலி அடுக்குக்கு மிஞ்சுவது சில பத்து மில்லிநொடிகள்தான். இதோடு மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், பேச்சு நடுவே ஹெட்செட்டைக் கழற்றினாலும் அழைப்பு அறுந்துவிடக் கூடாது, எதிரொலியும் வரக் கூடாது. அழைப்பு வைக்கும் பரீட்சை இது.

ஆல்சாவை நேரடியாக

ஆல்சாவுக்கு முன்பிருந்த ஓஎஸ்எஸ் ஒலி அமைப்பின் காலத்தில் ஒரு மென்பொருள் சவுண்ட் கார்டைத் திறந்தால் பெரும்பாலான கார்டுகளில் இன்னொன்றுக்குக் கதவு மூடியாயிற்று. 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலோடு ஆல்சா அதன் இடத்தைப் பிடித்தது. ஒலியைக் கலக்க டிமிக்ஸ், ஒரே மைக்கைப் பலர் கேட்க டிஸ்னூப் என்று இரண்டு பிளகின்கள் அதில் உண்டு. ஆனால் மென்பொருள் ‘டிஃபால்ட்’ என்ற சாதனத்தைத் திறந்தால்தான் இவை வேலை செய்யும். பல பழைய அழைப்பு மென்பொருள்கள் தாமதத்தைக் குறைக்க நினைத்து வன்பொருளையே நேராகத் திறந்தன. அதன் பலன், பிரவுசரில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தால் அழைப்பில் ‘சாதனம் வேறு வேலையில் இருக்கிறது’ என்ற பிழை வந்து நின்றது.

இன்று இந்த வழிக்குப் பெரிய தடை பிரவுசர்தான். 2017 மார்ச்சில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 52, அதிகாரபூர்வ பதிப்பில் ஆல்சா ஆதரவைக் கைவிட்டு பல்ஸ்ஆடியோவைக் கட்டாயமாக்கியது. அதை ஏய்க்க ஏபல்ஸ் என்ற சிறிய இடைநிரல் உண்டு. பல்ஸ்ஆடியோ மாதிரி நடித்து ஒலியை ஆல்சாவுக்குத் தள்ளும். சில நாள் அதில் ஓட்டினேன். ஒலி வந்தது. ஆனால் அழைப்பு நடுவே யூஎஸ்பி ஹெட்செட்டைச் செருகினால் அதற்கு மாற வழியே இல்லை. அழைப்பை விட்டு வெளியேறி, அமைப்புக் கோப்பைத் திருத்தி, மறுபடி சேர வேண்டும். நான்கு பேர் காத்திருக்கும்போது செய்யக்கூடிய வேலை இல்லை அது.

அப்படியானால் ஆல்சா நேர்வழி யாருக்கு? ஒரே வேலைக்காக வைத்த பெட்டிக்கு. வாசலில் மாட்டும் இன்டர்காம், மேசைத் தொலைபேசியாகப் பயன்படும் சிறிய போர்டு, இவை மாதிரி. பேர்சிப் போன்ற சிப் (SIP, இணையத் தொலைபேசி முறை) மென்பொருளை அதில் நிறுவி, ஒரே ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டைக் கொடுத்துவிட்டால் நடுவில் யாரும் வேண்டாம். ராஸ்பெரி பை வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். அதன் 3.5 மிமீ துளை உள்ள மாடல்களிலும் ஒலி வெளியே போக மட்டும்தான் வழி, மைக் அதில் வேலை செய்யாது. யூஎஸ்பி கார்டு வாங்காமல் தீராது. அப்புறம், கார்டுகளை எண்ணால் குறிப்பிடாமல் பெயரால் குறிப்பிடுங்கள். மறுதொடக்கத்துக்குப் பிறகு கார்டு எண்கள் இடம் மாறுவது சகஜம்.

பல்ஸ்ஆடியோ

லென்னார்ட் பொட்டரிங் 2004 வாக்கில் போலிபாடியோ என்ற பெயரில் தொடங்கியது இது. 2007-இல் ஃபெடோரா 8, 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04 என்று வரிசையாக டிஸ்ட்ரோக்களில் குடியேறியது. ஆரம்ப வருடங்களில் இதைத் திட்டாதவர்கள் குறைவு. நானும் நீக்கிவிட்டு ஓட்டியிருக்கிறேன். ஆனால் அழைப்பு விஷயத்தில் இது செய்த உதவி பெரியது என்பதை இப்போது மனமார ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு மென்பொருளின் ஒலியையும் தனித்தனி ஓடையாக வைத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முடிந்தது இதில்தான்.

பாவுகண்ட்ரோல் (pavucontrol) என்ற ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியைத் திறந்து ‘ரெக்கார்டிங்’ தாவலைப் பாருங்கள். அழைப்பில் இருக்கும்போது மட்டும்தான் அங்கே வரி தோன்றும். பிரவுசரின் பெயர், பக்கத்தில் அது எந்த மைக்கிலிருந்து வாங்குகிறது என்ற ஒரு பொத்தான், கீழே நீங்கள் பேசும்போது துள்ளும் ஒரு பட்டை. பட்டை அசையவில்லை என்றால் குரல் பிரவுசருக்கே வரவில்லை. பட்டை துள்ளுகிறது, எதிர்முனையில் கேட்கவில்லை என்றால் கோளாறு பிரவுசரிலோ அதைத் தாண்டியோ இருக்கிறது. பாதிச் சிக்கலை இந்த ஒரு பட்டை பிரித்துக் கொடுத்துவிடும். அந்தப் பொத்தானில் ‘மானிட்டர் ஆஃப்’ என்று தொடங்கும் பெயர் தேர்வாகியிருந்தால் உடனே மாற்றுங்கள். அது மைக் இல்லை, உங்கள் ஸ்பீக்கரில் போகும் ஒலியின் நகல். எதிரில் இருப்பவருக்கு அவர் குரலே திரும்பக் கேட்கும், உங்கள் குரல் போகாது. என் நேர்காணலில் இந்தத் தாவலை ஒரு முறை திறந்து பார்த்திருந்தால் பத்து நொடியில் முடிந்திருக்கும்.

இதன் பலவீனம் தாமதக் கணக்கில் இருக்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த பெரிய பஃபரை (ஒலியைச் சேர்த்துவைக்கும் இடத்தை) வைத்துக்கொண்டு, அழைப்பு மென்பொருள் கேட்கும்போது குறைத்துக்கொள்ளும். சில கார்டு டிரைவர்கள் தவறான நிலையைச் சொல்ல, குரல் கரகரவென்று உடைந்தது. அதனால்தான் தாமதத்தை 30 அல்லது 60 மில்லிநொடி என்று சூழல் மாறியில் (மென்பொருளைத் தொடங்கும்போது கொடுக்கும் அமைப்பில்) கட்டிவைத்து அழைப்பு மென்பொருளைத் தொடங்கும் வழக்கம் வந்தது. இன்றும் கரகரப்பு வந்தால் முதலில் முயலவேண்டியது அதுதான். புளூடூத்திலும் இது பின்தங்கியே இருந்தது. 16 கிலோஹெர்ட்ஸ் குரல் தரும் எம்எஸ்பிசி கோடெக் 2021-இல் வந்த 15-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது.

பைப்வயர்

விம் டெய்மன்ஸ் தொடங்கிய பைப்வயர் முதலில் வீடியோவுக்காகப் பிறந்தது, ஒலி பின்னால் சேர்ந்தது. 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34, 2022 அக்டோபரில் உபுண்டு 22.10 இதை இயல்பாக்கின. 2023-இல் டெபியன் 12-இன் க்னோம் டெஸ்க்டாப் சூழலும் இதற்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் 1.0 பதிப்பு வெளியானது.

இதில் எனக்குப் பிடித்த முடிவு ஒன்று உண்டு. பைப்வயர், பல்ஸ்ஆடியோவின் மொழியையே பேசுகிறது. அழைப்பு மென்பொருளுக்கு அடியில் ஆள் மாறியதே தெரியாது. பாவுகண்ட்ரோலும் அப்படியே வேலை செய்யும். ஆல்சாவை மட்டும் அறிந்த பழைய மென்பொருளுக்கு ஒரு பிளகின், ஜாக் கேட்பதற்கு இன்னொன்று. எல்லாரையும் ஒரே வாசல் வழியாக உள்ளே விடுவதால் கார்டுக்குச் சண்டை வருவதில்லை.

தாமதக் கணக்கும் வெளிப்படையாக இருக்கிறது. இயல்பாக நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள், ஒரு சுற்றுக்கு 1,024. வகுத்துப் பார்த்தால் ஒரு சுற்று 21 மில்லிநொடி. ஓப்பஸ் வெட்டும் 20 மில்லிநொடித் துண்டுக்கு ஏறக்குறைய சமம், அழைப்புக்கு இதுவே போதும். அந்த 1,024-ஐ 64, 32 என்று குறைத்தால் குரல் வேகமாகப் போகும் என்று பலர் முயல்கிறார்கள். அழைப்பில் அதனால் ஒரு பயனும் தெரியாது, கணினி மூச்சுத் திணறும்போது கரகரப்பு மட்டும் வரும். வேண்டாத வேலை.

இன்னொரு பெரிய காரணம் திரைப் பகிர்வு. வேலாண்ட் என்ற புதிய திரை அமைப்பில் ஓடும் டெஸ்க்டாப்பில் ஒரு மென்பொருள் இன்னொன்றின் சாளரத்தை எட்டிப் பார்க்க முடியாது. பிரவுசர் அனுமதி கேட்டு, நீங்கள் தேர்ந்தெடுக்கும் திரையைப் பைப்வயர் வழியாகத்தான் வாங்குகிறது. ஒலிக்குப் பல்ஸ்ஆடியோவை வைத்திருந்தாலும் திரையைப் பகிர இது ஓடத்தான் வேண்டும். அப்படியிருக்க இரண்டு பேரை ஏன் வைத்துக்கொள்வது?

குறை இல்லாமல் இல்லை. மோசமானது, பாதி மாற்றிவிட்டு நிற்பது. பைப்வயரை நிறுவிவிட்டு, அதன் பல்ஸ் சேவையையோ எந்தச் சாதனம் எங்கே இணைய வேண்டும் என்று முடிவு செய்யும் வயர்பிளம்பரையோ நிறுவ மறந்தால், ஒலி அமைப்பில் ‘டம்மி அவுட்புட்’ என்று ஒன்று மட்டும் தெரியும். பழைய பல்ஸ்ஆடியோவும் கூடவே ஓடினால் கார்டை முதலில் எழுந்தவர் பிடிப்பார். ஒரு நாள் வேலை செய்து மறுநாள் செய்யாமல் போவது இதனால்தான். டெர்மினலில் பேக்டிஎல் (pactl) கட்டளையோடு ‘இன்ஃபோ’ சேர்த்துக் கொடுத்தால் சர்வர் பெயர் வரும் வரி ஒன்று இருக்கும். அதில் பல்ஸ்ஆடியோ என்பதோடு ‘ஆன் பைப்வயர்’ என்றும் இருந்தால் மாற்றம் முழுமையாக நடந்திருக்கிறது. வெறும் பல்ஸ்ஆடியோ என்றிருந்தால் பழையவர்தான் இன்னும் ஆள்கிறார்.

ஜாக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இசைப் பதிவுக்கு அருமையான கருவி. அழைப்புக்காக மட்டும் அதை நிறுவாதீர்கள். பிரவுசரை அதோடு சேர்க்கப் பாலம் கட்டவேண்டும், அந்தப் பாலம்தான் முதலில் உடையும்.

புளூடூத், யூஎஸ்பி, 3.5 மிமீ

சர்வரை மாற்றுவதற்கு முன் ஹெட்செட்டைப் பாருங்கள் என்பேன். புளூடூத் ஹெட்போனில் பாட்டு தேனாக இருக்கும், அழைப்பு வந்ததும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஆகும். ஏ2டிபி என்ற இசை முறையில் மைக் கிடையாது, ஒலி ஒருவழியாக மட்டும் போகும். மைக் வேண்டுமென்றால் ஹெட்செட் முறைக்கு மாறியாக வேண்டும். அதில் பழைய சிவிஎஸ்டி கோடெக் 8 கிலோஹெர்ட்ஸ், எம்எஸ்பிசி 16. இது லினக்ஸின் குற்றம் அல்ல, எந்தக் கணினியிலும் இந்தக் கோடெக்குகளின் எல்லை இதுதான். பைப்வயரும் வயர்பிளம்பரும் அழைப்பு மைக்கைத் திறந்ததும் தாமாக மாற்றி, முடிந்ததும் இசைக்குத் திரும்புகின்றன. பல்ஸ்ஆடியோவில் பெரும்பாலும் நாமே பாவுகண்ட்ரோலின் ‘கான்ஃபிகரேஷன்’ தாவலில் மாற்ற வேண்டிவரும்.

நல்ல வழி ஒன்று: காதுக்குப் புளூடூத்தை இசை முறையிலேயே விட்டுவிட்டு, மைக்குக்கு லேப்டாப்பின் உள் மைக்கைத் தேர்ந்தெடுப்பது. இரண்டு தரமும் காப்பாற்றப்படும். ஆனால் தினமும் பேசுபவருக்கு என் பரிந்துரை யூஎஸ்பி ஹெட்செட்தான். அதற்கான டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது, செருகியதும் தனிக் கார்டாக வரும். எதிரொலியும் பெரும்பாலும் தீர்ந்துவிடும், ஏனென்றால் ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குப் போக வழியில்லை.

எதிரொலியை ஸ்பீக்கரோடு சமாளிக்க வேண்டியவர்களுக்கு இரண்டு இடம் உண்டு. பிரவுசர், வெப்ஆர்டிசி என்ற தன் அழைப்பு நிரலில் தானே நீக்கும். பல்ஸ்ஆடியோ, பைப்வயர் இரண்டிலும் அதற்கென்று ஒரு மாட்யூலும் இருக்கிறது. ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் குரலின் ஓரங்கள் அரிக்கப்பட்டு, தண்ணீருக்குள் பேசுவது போல் ஆகிவிடும். சிப் மென்பொருளில் நீக்கம் இல்லையென்றால் மட்டும் சர்வரின் மாட்யூலைத் தொடுங்கள்.

எந்த மென்பொருள் வழியாகப் பேசுவது

ஒரே சேவைக்குப் பிரவுசர் வழியும் தனிச் செயலியும் இருந்தால் நான் பிரவுசரையே எடுப்பேன். அதன் ஒலிப் பகுதி கோடிக்கணக்கானோர் கையில் பட்டுத் தேறியது, டிஸ்ட்ரோ புதுப்பித்தலோடு அதுவும் புதுப்பிக்கப்படும். தனிச் செயலி ஸ்னாப் பொதியாக (அனுமதி வேலிக்குள் ஓடும் பொதி) வந்தால், ஒலி வெளியே போக அனுமதி தானாகக் கிடைத்திருக்கும், மைக்குக்கான அனுமதி பெரும்பாலும் நாம் கையால் கொடுக்க வேண்டும். பாட்டு கேட்கும், குரல் போகாது என்பதற்கு இது அப்பட்டமான காரணம்; மணிக்கணக்கில் சர்வரை நோண்டிய பிறகே பலர் இங்கே வருகிறார்கள். அதே மாதிரியான இன்னொரு பொதி வகையான ஃபிளாட்பேக்கில் பல்ஸ்ஆடியோ வாசலுக்கான ஒரே அனுமதி இரண்டு பக்கத்தையும் திறக்கிறது.

எதை மாற்றினாலும் அடியில் ஆல்சா இருக்கிறதல்லவா, அதன் கதவு மூடியிருந்தால் மேலே யார் உட்கார்ந்தும் பயனில்லை. டெர்மினலில் ஆல்சாமிக்சர் (alsamixer) கருவியைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே ஒரு தூண்தான் தெரியும். அது சர்வரின் முகம். எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுங்கள், பிறகு எஃப்4. இப்போது உள்வரும் பக்கம். ‘கேப்சர்’ தூணின் அடியில் சிவப்பு எழுத்து இல்லையென்றால் அது அடைபட்டிருக்கிறது, ஸ்பேஸ் தட்டினால் திறக்கும். மற்ற தூண்களில் ‘எம்எம்’ என்றால் ஒலி அடக்கப்பட்டிருக்கிறது, எம் விசை அதை ‘ஓஓ’ ஆக்கும். ‘மைக் பூஸ்ட்’ தூணை முழுக்க ஏற்றாதீர்கள், குரலோடு இரைச்சலும் ஏறும். கார்டின் மைக்கே பட்டியலில் இல்லையா? கடந்த சில ஆண்டுகளில் வந்த இன்டெல் லேப்டாப் என்றால் எஸ்ஓஎஃப் (ஒலிச் சில்லுக்கான) ஃபர்ம்வேர் பொதி நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பல மாடல்களில் உள் மைக் கணினிக்குத் தெரியவே தெரியாது.

சரி, முடிவுக்கு வருவோம். புதிதாக நிறுவுபவர், வேலாண்டில் திரை பகிர்பவர், புளூடூத்தில் பேசுபவர் மூவருக்கும் பைப்வயர்தான், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. பழைய நீண்டகால ஆதரவுப் பதிப்பில் பல்ஸ்ஆடியோவோடு அழைப்பு சீராகப் போய்க்கொண்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். அடுத்த பதிப்புக்கு ஏறும்போது மாற்றம் தானாக வரும், கையால் பாதியில் மாற்றுவதைவிட அது பாதுகாப்பு. ஆல்சாவை நேரடியாக, அந்த ஒற்றை வேலைப் பெட்டிக்கு மட்டும். கரகரப்பும் எதிரொலியும் தவிர வேறு குறை இல்லாதவர், சர்வரை மாற்றும் முன் ஒரு யூஎஸ்பி ஹெட்செட்டை இரவல் வாங்கியாவது செருகிப் பாருங்கள்.

முக்கியமான அழைப்பு இருக்கும் நாளில் நான் கால் மணி நேரம் முன்னால் அதே ஹெட்செட்டைச் செருகி, அதே பிரவுசரில் ஆளில்லாத ஒரு சோதனை அறையைத் திறந்து, ‘ரெக்கார்டிங்’ தாவலில் அந்தப் பட்டை துள்ளுகிறதா என்று பார்த்துவிடுகிறேன். துள்ளினால், அதற்குப் பிறகு அழைப்பு முடியும் வரை எந்தக் கம்பியையும் தொடுவதில்லை.